கேமரா மாட்டினால் கதவுக்குச் செலவழிக்க வேண்டாமா?

ஜூன் 2, இரவு (இழையைத் தொடங்கியவர்)

பக்கத்து வீட்டில் ஆள் இல்லாத நேரம் பார்த்துத் திருடிவிட்டார்கள். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் யாருக்கும் சரியான தூக்கம் இல்லை. வீட்டைச் சுற்றி நான்கு கேமராக்களை மாட்டிவிடுவது என்று முடிவு செய்திருக்கிறேன். கேமராவைப் பார்த்தாலே திருடன் ஒதுங்கிவிடுவான், துணிந்து வந்தாலும் முகம் பதிவாகிவிடும், ஆகையால் கதவுக்கும் பூட்டுக்கும் மேற்கொண்டு செலவழிப்பது வீண் என்பது என் கருத்து. மாற்றுக் கருத்து உள்ளவர்கள் காரணத்தோடு எழுதுங்கள்.

ஜூன் 3, காலை (பதில் எழுதுபவர்; இனி வரும் பதிவுகளும் இவருடையவை)

கேமராவை நம்பிக் கதவைக் கைவிடாதீர்கள். எங்கள் வீட்டில் திருட்டு நடந்தபோது கேமரா வேலை செய்துகொண்டுதான் இருந்தது. தொப்பியும் முகக்கவசமும் அணிந்த ஒருவர் பின்பக்கம் செல்வதும், சற்று நேரம் கழித்துத் தோளில் பையோடு திரும்புவதும் தெளிவாகப் பதிவாகியிருந்தன. விசாரிக்க வந்த காவலர் அந்தப் பதிவை ஓட்டிப் பார்த்துவிட்டு, ஆளின் உயரத்தைத் தவிர இதில் வேறொன்றும் கிடைக்கவில்லை என்றார்.

பின்கதவைப் பார்த்தபோதுதான் என்ன நடந்திருக்கிறது என்பது விளங்கியது. பூட்டை யாரும் உடைக்கவில்லை. சாவியைப் போட்டால் வழக்கம்போலத் திரும்பியது. பூட்டின் நாக்கு முழுதாக வெளியே நீட்டியபடி, பூட்டிய நிலையிலேயே இருந்தது. கதவு மட்டும் திறந்து கிடந்தது. நாக்கு நுழைவதற்காகக் கதவு நிலையில் பதித்திருந்த தகடு, அதைப் பிடித்திருந்த இரண்டு திருகாணிகளோடும் அவற்றில் ஒட்டியிருந்த மரச் சிம்புகளோடும் தரையில் விழுந்திருந்தது. அந்தத் திருகாணிகள் கட்டைவிரல் நகத்தின் நீளம்கூட இல்லை. விலை உயர்ந்த பூட்டு, கனமான கதவு, இவை இரண்டையும் தாங்கிக்கொண்டிருந்தது நிலை மரத்தின் மேற்பரப்பில் விரல் நகம் அளவுக்கு இறங்கியிருந்த அந்த இரும்புதான்.

ஜூன் 3, மாலை

அதை எப்படிச் சரிசெய்தீர்கள் என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நிலையில் இருந்த மெல்லிய தகட்டுக்குப் பதிலாக நீளமான, தடித்த தகடு ஒன்றைப் பதித்து, நிலை மரத்தைக் கடந்து பின்னால் உள்ள சுவரைப் பிடிக்கும் அளவுக்கு நீண்ட திருகாணிகளைத் தச்சர் போட்டார். 75 மில்லிமீட்டருக்குக் குறையாமல் இருப்பது நல்லது. பூட்டின் நாக்கும் நிலைக்குள் 25 மில்லிமீட்டராவது இறங்க வேண்டும். கீல்களுக்கும் இதே விதிதான்: கதவின் ஒரு பக்கத்தை இரும்பாக்கிவிட்டு மறுபக்கத்தைக் குட்டைத் திருகாணிகளில் தொங்கவிட்டால் நெம்புகிறவர் அந்தப் பக்கத்துக்குப் போய்விடுவார். வெளிப்புறமாகத் திறக்கும் கதவில் கீலின் ஊசி வெளியே தெரியும். அதைத் தட்டி உருவிவிட்டால் பூட்டு எத்தனை நன்றாக இருந்தாலும் கதவைத் தனியே கழற்றி வைத்துவிடலாம். அத்தகைய கதவுகளின் கீல் ஓரத்தில், மூடும்போது நிலைக்குள் சென்று அமரும் குட்டையான இரும்பு முளைகளைப் பொருத்தினால், ஊசியை உருவினாலும் கதவு நகராது.

ஜூன் 4

"திறக்க முடியாத பூட்டு என்று உலகத்தில் ஒன்றும் இல்லை, பிறகு ஏன் வீண் செலவு" என்று எழுதியிருப்பவருக்கு.

முதல் பாதி உண்மை. லண்டனில் ஜோசப் பிராமா என்பவரின் நிறுவனம், தங்கள் பூட்டைச் சாவியில்லாமல் திறப்பவருக்கு 200 கினி (அக்காலப் பிரிட்டிஷ் பணம்) பரிசு என்று அறிவித்துக் கடையின் சன்னலிலேயே அதை வைத்திருந்தது. 1790-இல் தொடங்கிய அந்தச் சவாலை 1851-இல் அமெரிக்கப் பூட்டு வல்லுநர் ஆல்ஃபிரெட் ஹாப்ஸ் முறியடித்தார். அதற்கு அவருக்கு 16 நாட்களில் பரவிய 51 மணி நேரம் பிடித்தது. இந்தக் கதையைச் சொல்லிப் பூட்டுகள் பயனற்றவை என்று நிறுவுகிறார்கள்; எனக்கோ இது நேர்மாறான பாடமாகப் படுகிறது. பட்டப்பகலில் யாருடைய வீட்டு வாசலிலாவது நின்று அத்தனை மணி நேரம் ஒரு பூட்டோடு போராடும் திருடன் எங்கே இருக்கிறான்?

பாதுகாப்பை நிமிடங்களில் கணக்கிட வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான். கதவுகளையும் சன்னல்களையும் சோதிக்கும் ஐரோப்பியத் தரநிலையான ஈஎன் 1627 அப்படித்தான் கணக்கிடுகிறது. அதன் இரண்டாம் வகுப்பு என்பது திருப்புளி, இடுக்கி, ஆப்பு போன்ற எளிய கருவிகளை எதிர்த்து 3 நிமிடம் தாங்குவது. மூன்றாம் வகுப்பில் கடப்பாரையும் சேர்ந்துகொள்கிறது; 5 நிமிடம் தாங்க வேண்டும். மிக உயர்ந்த ஆறாம் வகுப்புக்கே 20 நிமிடம்தான். என்றென்றைக்கும் தாங்கும் கதவு என்று எந்தத் தரநிலையும் வாக்குறுதி தருவதில்லை. சத்தத்தோடு கழியும் மூன்று நிமிடம், ஐந்து நிமிடம் என்பது உள்ளே நுழைய முயல்பவருக்கு மிக நீண்ட நேரம். அந்த நேரத்துக்குள் நாய் குரைக்கலாம், எதிர்வீட்டில் விளக்கு எரியலாம், தெருவில் யாராவது நடந்து வரலாம்.

ஜூன் 4, சற்று நேரம் கழித்து

மேலே எழுதியதற்கு ஒரு சேர்க்கை. கம்பியை விட்டுப் பூட்டைத் திறக்கும் கலைஞர்களைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம் என்றேன். ஆனால் திறமையே தேவைப்படாத இரண்டு குறுக்குவழிகள் உண்டு. இழுத்துச் சாத்தினால் தானாகப் பூட்டிக்கொள்ளும் வகையில், வில்லின் விசையில் இயங்கும் சாய்ந்த நாக்கை மட்டும் நம்பக் கூடாது. கதவிடுக்கில் வளையும் பிளாஸ்டிக் அட்டை ஒன்றை நுழைத்து அதைப் பின்னுக்குத் தள்ளிவிட முடியும். வெளியே போகும்போது சாவியைத் திருப்பிக் கனமான சதுர நாக்கையும் இறக்குவதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். இரண்டாவது, கதவின் தடிப்பைத் தாண்டி வெளியே துருத்திக்கொண்டிருக்கும் சிலிண்டர், அதாவது பூட்டில் சாவி நுழையும் உருளைப் பகுதி. அதைக் கருவியால் பற்றி முறித்துவிட்டால் உள்ளிருக்கும் பொறியை விரலாலேயே திருப்பிவிடலாம். சிலிண்டரின் முகம் கதவுத் தகட்டோடு ஒட்டியபடி இருக்க வேண்டும்; 3 மில்லிமீட்டருக்கு மேல் வெளியே நீட்டியிருந்தால் அளவு சரியில்லை என்று பொருள்.

ஜூன் 6

இது எனக்கு மிகவும் முக்கியமான செய்தி என்பதால் நிதானமாக எழுதுகிறேன்.

கண்ணாடி பதித்த கதவுக்கு உள்ளேயும் வெளியேயும் சாவி போடும் பூட்டை ஒரு வாசகர் பரிந்துரைத்திருக்கிறார். கண்ணாடியை உடைத்துக் கையை உள்ளே விட்டாலும் திறக்க முடியாது என்பது அவருடைய வாதம். திருடனை மட்டும் நினைத்தால் அது சரி. தீயை நினைத்துப் பாருங்கள். மின்சாரம் நின்று, புகை கண்ணை மறைக்க, சாவி எந்த ஆணியில் தொங்குகிறது என்று தடவிக்கொண்டிருக்கும் நிலையில் ஒரு குடும்பம் கதவுக்குப் பின்னால் சிக்கிக்கொள்ளக் கூடாது. ஆட்கள் உள்ளே இருக்கும்போது, வெளியேறும் கதவு சாவி இல்லாமல் ஒரே கைவீச்சில் உள்ளிருந்து திறக்க வேண்டும் என்பதில் நான் எந்த விட்டுக்கொடுத்தலுக்கும் தயாராக இல்லை. கண்ணாடிதான் பிரச்சினை என்றால் கண்ணாடியை மாற்றுங்கள். இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டிய லேமினேட்டட் கண்ணாடி, அடித்தால் சிலந்தி வலைபோல விரிசல் விடுமே தவிர, படலம் துண்டுகளைப் பிடித்துக்கொள்வதால் கை நுழையும் ஓட்டை சுலபத்தில் விழாது. சூடேற்றிப் பதப்படுத்திய டெம்பர்ட் கண்ணாடியை இதனோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அது ஆளைக் கிழிக்காமல் சிறு துண்டுகளாக உதிர்வதற்காகச் செய்யப்பட்டது. ஓரத்தில் கூரிய அடி பட்டால் முழுவதும் கொட்டிப்போய் வழி விட்டுவிடும்.

சன்னல் கிரிலுக்கும் இதே அளவுகோல்தான். எல்லாச் சன்னல்களிலும் கம்பிகளைச் சுவரோடு பதித்துவிட்டால் வீடு கோட்டையாகலாம். தீ பிடித்த இரவில் அதுவே கூண்டாகவும் ஆகிவிடும். எங்கள் வீட்டில் படுக்கையறைச் சன்னல் ஒன்றின் கிரிலில் ஒரு பகுதியை வெட்டி, கீல் வைத்து, உள்ளிருந்து விடுவிக்கும் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டோம். வெளியிலிருந்து கம்பிக்குள் கையை விட்டால் எட்டாத இடத்தில் அந்தத் தாழ்ப்பாள் இருக்கிறது. குழந்தைகளுக்கும் அதைத் திறந்து பழக்கியிருக்கிறோம். ஏற்கெனவே கிரில் உள்ளவர்கள் அது எப்படிப் பொருத்தப்பட்டிருக்கிறது என்று வெளியே போய்ப் பாருங்கள். வெளிப்பக்கத்திலிருந்து திருகாணியால் முடுக்கியிருந்தால், திருப்புளி வைத்திருக்கும் எவரும் அமைதியாகக் கழற்றி ஓரமாகச் சாய்த்து வைத்துவிட முடியும். கம்பிகளின் முனைகள் சுவருக்குள் புதைந்திருக்க வேண்டும், அல்லது திருகாணித் தலைகளை வெல்டிங் செய்து மூடிவிட வேண்டும்.

ஜூன் 7

வெளியே தொங்கும் பூட்டு குறித்து: பூட்டின் வளையத்தை எவ்வளவு தடிப்பாக வாங்கினாலும், அதைத் தாங்கும் கொண்டியின் திருகாணிகள் வெளியே தெரிந்தால் பயனில்லை. கொண்டியை மடித்துப் பூட்டிய பிறகு திருகாணித் தலைகள் முழுதாக மறைய வேண்டும். அதைவிடப் பெரிய குறை, வெளியே தொங்கும் பூட்டு வீட்டில் ஆள் இல்லை என்பதைத் தெருவுக்கே அறிவிக்கிறது. கதவுக்குள்ளேயே பதியும் பூட்டு அந்தத் தகவலைத் தருவதில்லை.

ஜூன் 9

பக்கத்து வீட்டில் திருட்டு நடந்ததால் நாங்கள் அளவுக்கு மீறிப் பயப்படுகிறோமோ என்று இழையைத் தொடங்கியவர் கேட்கிறார். அந்தப் பயத்துக்கு அடிப்படை இருக்கிறது. ஒரு முறை திருட்டுக்கு உள்ளான வீடு மீண்டும் குறிவைக்கப்படும் வாய்ப்பு மற்ற வீடுகளைவிட அதிகம் என்பதும், அந்த ஆபத்து முதல் சில வாரங்களில் மிகுந்திருந்து பிறகு குறைகிறது என்பதும், அக்கம்பக்கத்து வீடுகளுக்கும் அந்த ஆபத்து பரவுகிறது என்பதும் குற்றவியலில் பல நாடுகளில் உறுதிப்பட்ட செய்திகள். காரணம் எளிது. வந்தவருக்கு இப்போது வழி தெரியும், எந்த நேரத்தில் ஆள் இருக்காது என்பது தெரியும், எடுக்க முடியாமல் விட்டுப்போனவை எவை என்பதும் தெரியும். ஒரே மாதிரி கட்டிய வீடுகள் என்றால், ஒரு வீட்டின் பலவீனத்தைக் கற்றவர் மற்ற எல்லா வீடுகளின் பலவீனத்தையும் கற்றுவிடுகிறார்.

இதை நடைமுறையில் பயன்படுத்திக் காட்டியது இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் உள்ள கிர்க்ஹோல்ட் குடியிருப்பு. 1980-களின் நடுப்பகுதியில் அங்கே திருட்டு மிக அதிகமாக இருந்தது. எல்லா வீடுகளுக்கும் கொஞ்சம் கொஞ்சமாகச் செலவழிக்காமல், ஏற்கெனவே திருட்டு நடந்த வீடுகளை முதலில் பலப்படுத்தினார்கள். நாணயம் போட்டால் மின்சாரமும் எரிவாயுவும் தரும் மீட்டர்களில் பணம் சேர்ந்திருப்பதே பலரை உள்ளே இழுத்தது என்பதைக் கண்டு, அந்த மீட்டர்களையே அகற்றினார்கள். திருட்டு நடந்த வீட்டைச் சுற்றியுள்ள சில வீட்டாரை மட்டும் ஒன்று சேர்த்து, அந்த வீட்டின்மேல் ஒரு கண் வைத்திருக்கச் செய்தார்கள். அங்கே திருட்டு பெருமளவு குறைந்தது.

எனவே, பக்கத்து வீட்டாரிடம் எந்த வழியாக நுழைந்தார்கள் என்று கேளுங்கள். அந்த இடம் உங்கள் வீட்டில் எப்படி இருக்கிறது என்று இன்றைக்கே பாருங்கள். நான்கு கேமராக்களைவிட அந்த ஒரு கேள்வி உங்களுக்கு அதிகம் பயன்படும்.

ஜூன் 10

நான் கேமராவுக்கு எதிரி என்று சிலர் எடுத்துக்கொண்டிருப்பதால் இதை எழுதுகிறேன். கேமராவுக்கு ஒரு நல்ல வேலை உண்டு, வீட்டுக் கேமராவின் தொடக்க காலத்திலேயே அது சரியாகச் சொல்லப்பட்டும் இருக்கிறது. நியூயார்க்கில் செவிலியராகப் பணியாற்றிய மேரி வான் பிரிட்டன் பிரவுன், தனியாக இருக்கும் நேரங்களில் கதவைத் திறக்க அஞ்சி, தன் கணவரோடு சேர்ந்து 1966-இல் ஒரு வீட்டுப் பாதுகாப்பு அமைப்புக்குக் காப்புரிமை கேட்டார். 1969-இல் அது கிடைத்தது. கதவில் வெவ்வேறு உயரங்களில் துளைகள், அவற்றின் வழியே பார்க்கும் கேமரா, அறைக்குள் ஒரு திரை, பேசுவதற்கு ஒலிவாங்கி, ஆபத்தென்றால் அழுத்த ஒரு பொத்தான் என்று அவர் எல்லாவற்றையும் யோசித்திருந்தார். வெளியே நிற்பவர் யார் என்று கதவைத் திறக்காமலே அறிந்து முடிவெடுப்பதற்குத்தான் அந்தக் கேமரா.

வாங்குவதென்றால், முகம் தெரியும் உயரத்தில் வாசலருகே ஒன்றை வையுங்கள். கூரை ஓரத்தில் மிக உயரத்தில் வைத்தால் தொப்பிகளின் மேற்பகுதிதான் கிடைக்கும். பெட்டியில் வரும் கடவுச்சொல்லை முதல் நாளே மாற்றுங்கள். 2016-இல் பரவிய மிராய் என்ற தீநிரல், தொழிற்சாலையில் வைத்த கடவுச்சொல்லை மாற்றாமல் விடப்பட்ட இணையக் கேமராக்களையும், காட்சிகளைச் சேமிக்கும் பதிவுப் பெட்டிகளையும்தான் ஏராளமாகக் கைப்பற்றியது. பதிவுப் பெட்டியை வரவேற்பறைத் தொலைக்காட்சிக்கு அடியில் வைக்காதீர்கள். வருகிறவர் அதையும் எடுத்துச் சென்றுவிடுவார்.

ஜூன் 11

அலாரம் பற்றிச் சுருக்கமாக. கதவிலும் சன்னலிலும் வைக்கும் உணரியில் ஒரு பக்கம் காந்தமும் மறுபக்கம் காந்தத்துக்கு இசையும் சிறு சுவிட்சும் இருக்கும். இரண்டும் விலகினால் ஒலிக்கும். மலிவானது, நம்பகமானது. அறைக்குள் வைக்கும் அசைவு உணரி உடல் வெப்பத்தின் அகச்சிவப்புக் கதிர்கள் இடம் மாறுவதைக் கவனிக்கிறது. நேராக அதை நோக்கி வருபவரைவிடக் குறுக்கே கடப்பவரை அது எளிதில் பிடிக்கும் என்பதால், வாசலுக்கு எதிரே வைப்பதைவிடப் பக்கச்சுவரின் மூலையில் வைப்பது சிறந்தது. சன்னல் கண்ணாடி அந்தக் கதிர்களைத் தடுத்துவிடுவதால் வெளியே நிற்பவரை உள்ளிருந்து அது காணாது.

அடிக்கடி காரணமில்லாமல் அலறும் அலாரத்தை அக்கம்பக்கத்தார் காதில் வாங்காமல் போய்விடுவார்கள். ஒன்றிரண்டு உணரிகளோடு தொடங்கி, பொய் அலறல் இல்லை என்று உறுதியான பிறகு மற்றவற்றைச் சேர்ப்பது நல்லது.

ஜூன் 13, இரவு

இரவில் ஆட்கள் இருக்கும்போதே யாராவது நுழைந்துவிட்டால் என்ன செய்வது என்ற கேள்வியை மூன்று பேர் எழுப்பியிருக்கிறார்கள். கட்டையோடு பாய வேண்டும் என்ற அறிவுரைகளை நான் ஏற்கவில்லை. இருட்டில் நிற்பவர் எத்தனை பேர், கையில் என்ன இருக்கிறது என்பது உங்களுக்குத் தெரியாது. அவருக்கு வேண்டியது பொருளும் தப்பும் வழியும். வழியை மறித்து நிற்பவருக்குத்தான் ஆபத்து. உள்ளிருந்து நன்றாகத் தாழிடக்கூடிய அறை ஒன்றை முன்பே தீர்மானித்து, எல்லோரும் அங்கே சேர்ந்து, கதவை அடைத்து, அங்கிருந்து காவல்துறையை அழைப்பதுதான் எங்கள் வீட்டின் முடிவு. அதற்காக அந்த அறையின் கதவுக்கும் நீண்ட திருகாணிகள் போட்டோம். இரவில் கைப்பேசி அந்த அறையில்தான் மின்னேற்றப்படுகிறது. வீட்டு முகவரியைத் தடுமாறாமல் சொல்லக் குழந்தைகளுக்கும் தெரியும்.

வெளியே போய்த் திரும்பும்போது கதவு திறந்து கிடந்தால் உள்ளே போகாதீர்கள், குரல் கொடுத்துப் பார்க்கவும் வேண்டாம். விலகிச் சென்று, தொலைவிலிருந்து அழையுங்கள். நாங்கள் அன்று திரும்பியபோது என் மனைவி என் கையைப் பிடித்துப் பின்னுக்கு இழுத்தார். உள்ளே யாரும் இல்லை என்பது காவலர்கள் வந்து பார்த்த பிறகுதான் தெரிந்தது.

ஜூன் 15

பெட்டகம் வாங்கலாமா என்ற கேள்விக்கு: தரையிலோ கான்கிரீட் சுவரிலோ போல்ட் போட்டு இறுக்காத சிறு பெட்டகம், விலைமதிப்புள்ளவற்றை எல்லாம் ஒரே இடத்தில் சேர்த்துத் தூக்கிச் செல்ல வசதியாகக் கொடுப்பதுதான். தீயைத் தாங்கும் பெட்டி வேறு, திருட்டைத் தாங்கும் பெட்டி வேறு. காகிதம் கருகாமல் காப்பதற்காகச் செய்த பெட்டியின் உலோகச் சுவர் மெல்லியதாகவே இருக்கலாம். எதை வாங்கினாலும், நகைகளை அடையாளம் தெரியும்படி படமெடுத்து, மின்னணுப் பொருட்களின் வரிசை எண்களைக் குறித்து, வீட்டுக்கு வெளியே ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். புகார் எழுதும்போது எங்களிடம் அந்தப் பட்டியல் இருந்ததால்தான் மடிக்கணினி ஒன்று பிற்பாடு அடையாளம் காணப்பட்டுத் திரும்பக் கிடைத்தது.

ஜூன் 16

வாடகை வீட்டில் இருப்பவர் என்ன செய்ய முடியும் என்று கேட்டவருக்குத் தாமதமாகப் பதில் எழுதுகிறேன். உங்களுக்கு முன்னால் குடியிருந்தவர்கள், அவர்களுடைய உறவினர்கள், வீட்டில் வேலை செய்தவர்கள் என்று எத்தனை பேரிடம் சாவியின் நகல் இருக்கிறது என்பது உரிமையாளருக்கே தெரிந்திருக்காது. ஆகையால் வாடகை வீட்டில் முதல் வேலை சாவியை மாற்றுவதுதான். அதற்குப் பூட்டு முழுவதையும் மாற்ற வேண்டியதில்லை. பல பூட்டுகளில் சிலிண்டரை மட்டும் கழற்றி வேறொன்றைப் பொருத்தலாம். சிலவற்றில் உள்ளிருக்கும் ஊசிகளை மாற்றிப் புதுச் சாவிக்கு ஏற்றபடி அமைத்துத் தருவார்கள். உரிமையாளரிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள், அவருக்கு ஒரு சாவி கொடுப்பதா என்பதையும் அப்போதே பேசிக்கொள்ளுங்கள். நிலைத் தகட்டின் குட்டைத் திருகாணிகளுக்குப் பதிலாக நீண்டவற்றைப் போட அநேகமாக எந்த உரிமையாளரும் மறுக்க மாட்டார், ஏனென்றால் அது அவருடைய கதவுக்கும் நல்லது. கழற்றிய பழைய சிலிண்டரை அதன் சாவிகளோடு ஒரு பையில் போட்டு வைத்திருந்தால், காலி செய்யும்போது அதையே மாட்டிக்கொடுத்துவிட்டு, புதியதை அடுத்த வீட்டுக்கு எடுத்துச் செல்லலாம். கதவின் தடிப்பு மாறினால் மட்டும் அளவைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.